ஊசுட்டேரியில் ஒரு வலை

உழவர்கரை,
தை மாசம்.

அன்புள்ள அப்பாவுக்கு,

பூவிழி வணக்கம் சொல்லி எழுதறேன். நான் சௌக்கியம். உங்க முட்டி வலியும் அம்மாவோட இருமலும் இப்ப எப்படி இருக்கு? போன்ல பேசினா உங்களுக்குக் காது சரியா கேக்கலன்னு அம்மா சொன்னாங்க, அதான் கடுதாசி.

பறவைங்களக் காப்பாத்தற வேலை நல்லாத்தான் போகுது. போன வாரம் ஊசுட்டேரி கோரைக்குள்ள நைலான் வலை கட்டியிருந்தாங்க. குளிருக்கு வடக்கேருந்து வந்த கிளுவை வாத்துங்க அதுல மாட்டிச் செத்திருந்துச்சு. ஒண்ணுக்கு மட்டும் உயிர் இருந்துச்சு. எனக்குச் சிக்கு எடுக்க வரல. வலை கட்டின சுப்ராயன்ங்கறவரே தண்ணியில இறங்கி வந்தாரு. மில்லு மூடினதுலேருந்து வேலை இல்லாதவரு. பிளேடால தன் வலைய அறுத்து, "இத நீ எடுத்துக்கம்மா. செத்தத எனக்கு விட்டுடு, வூட்ல அடுப்பு எரியணும்"னாரு. உயிரோட இருந்தத மட்டும் துணியில சுத்தி எடுத்துக்கிட்டேன். வண்டியில வரும்போதே அது என் மடியில செத்துப்போச்சு. நீங்க கவலப்படாதீங்க, இங்க இது வழக்கம்தான்.

உங்க பழைய வேட்டி ரெண்டு அனுப்புங்க, அடிபட்ட பறவையச் சுத்தறதுக்கு. துவைக்காம அனுப்பினாலும் பரவாயில்ல.

பங்குனியோட எங்க திட்டம் முடியுதாம். அப்புறம் ஏரியப் போய்ப் பாக்க ஆள் இல்ல.

கூட வேலை செய்யற ஃபாபிரிஸ் அண்ணன் கீழ ஹாரன் அடிக்கறாரு. கிழக்குக் கரையில பறவைங்க செத்து மிதக்குதாம். சாக்கு எடுத்துட்டு வரச் சொல்றாரு.

போறேம்பா.

உங்க மக,
பூவிழி