ஏழாம் அத்தியாயத்தின் புதிய பதிப்பு

நாள் 212, காலை 9.10
செவ்வாய்க் கிரகம், பல்கலைக்கழக வளாகம். பதிவு செய்பவர்: நூலகர் அல்போன்சா.
மின்னூல் கருத்துக்கணிப்பு முடிந்தது. மாணவர்கள் நாற்பத்தொருவரில் முப்பத்தொன்பது பேருக்கு மின்னூலே போதும். தேட எளிது, பூமியிலிருந்து தானாகவே புதுப்பித்துக்கொள்கிறது. ஆசிரியர்கள் ஆறு பேரில் ஐவர் கருத்தும் அதுதான். காற்றுப் பொறியியல் நடத்தும் பேராசிரியர் துரைக்கண்ணு மட்டும் ஒப்பவில்லை. துணிமணியைக் குறைத்துக்கொண்டு அந்தப் பாடத்தின் அச்சுப் புத்தகத்தைச் சுமந்து வந்தவர். மாணவர்கள் அதைச் செங்கல் என்கிறார்கள்.

நாள் 214, காலை 11.40
காற்றுப் பொறியியல் நூலின் ஏழாம் அத்தியாயம் இடிக்கிறது. கரியமில வாயுவின் எச்சரிக்கை அளவு அச்சில் 0.5 சதவீதம். மின்னூலில் 5. நேற்றைய புதுப்பிப்பில் மாறியிருக்கிறது. பூமியைக் கேட்டோம். பதில் இல்லை.
கட்டுப்பாட்டு அறையில் பயிற்சியில் இருக்கும் மாணவி நித்திலா, மின்னூல்படி அளவை மாற்றிவிட்டாள். பேராசிரியர் போய் அது தவறு என்று சொன்னாராம். உங்களுடையது பழைய பதிப்பு ஐயா என்று மரியாதையாகவே பதில் சொன்னாளாம்.

நாள் 215, காலை 8.25
எல்லோருக்கும் தலைவலி. படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. எச்சரிக்கை மணி அடிக்கவில்லை. ஐந்தைத் தொடும்வரை அடிக்காது, காற்றுச் சுத்திகரிப்பானும் ஓடாது. பயமாக இருக்கிறது.

காலை 10.05
பேராசிரியர் நடைவழியில் விழுந்துவிட்டார். அவர் கையிலிருந்த புத்தகத்தை எடுத்துக்கொண்டு, சுவரைப் பிடித்தபடி கட்டுப்பாட்டு அறைக்குப் போனேன். கதவு பூட்டியிருந்தது. ஒலிபெருக்கியில் நித்திலா பேசினாள்.
“மீட்டர் 3.8 தான் காட்டுது மேடம். அஞ்சுக்குக் கீழதான்.”
“உனக்குத் தலை வலிக்குதா?”
“வலிக்குது. கூட இருக்கிற ரெண்டு பேரும் தூங்குறாங்க.”
“எழுப்பிப் பாரு.”
கொஞ்ச நேரத்தில் கதவு திறந்தது. அழுதுகொண்டிருந்தாள்.

பகல் 12.30
அளவைப் பழையபடி மாற்றிவிட்டோம். சுத்திகரிப்பான் ஓடுகிறது. மீட்டரில் இப்போது 2.1. குறைகிறது. அந்த இருவரும் விழித்துவிட்டார்கள். பேராசிரியர் விழிக்கவில்லை. இதயம் விட்டுவிட்டுத் துடிக்கிறது. மருத்துவர் ஆய்வுக்குழுவோடு வானொலி எட்டாத தூரத்தில்.
பூமியிலிருந்து செய்தி: “ஏழாம் அத்தியாயத்தில் பிழை. வருந்துகிறோம். அன்று புதுப்பித்த மற்ற நூல்களிலும் பிழை இருக்கலாம். பட்டியல் பின்னர்.”

பகல் 12.41
மருத்துவ நூல் எங்களிடம் திரையில் மட்டுமே இருக்கிறது. ஊசி மருந்து நான்கு மில்லி என்கிறது. நித்திலா அதை ஊசிக்குழலில் எடுத்து வைத்திருக்கிறாள்.
“இது சரியான அளவா மேடம்?”
எனக்குத் தெரியவில்லை. நாடியைப் பிடித்திருக்கிறேன். இரண்டு துடிப்புக்கு நடுவில் நேரம் கூடிக்கொண்டே…