பிடிமானம்

புக்கிட் பாத்தோக்
சிங்கப்பூர்
9 மார்ச் 2025

அன்புள்ள சுரேன்,

பூசானில் குளிர் குறைந்ததா? கப்பல் வேலைக்கு நடுவே சாப்பிட மறந்துவிடாதீர்கள். கைபேசித் திரையைப் பார்த்தால் எழுத்துகள் இன்னும் குதிக்கின்றன. அதனால் தாளில் எழுதுகிறேன், நீங்களும் தாளிலேயே எழுதுங்கள்.

நல்ல செய்தி. தள்ளாட்டம் நிற்க ஆபரேஷன் செய்து இடது காதுக்குள் வைத்த கருவியை இயக்கிவிட்டார்கள். காய்ச்சலுக்குக் கொடுத்த மருந்து என் சமநிலையைத் தின்ற நாளிலிருந்து தரை எனக்குப் படகாகத்தான் இருந்தது. நேற்று தேக்கா சந்தைக்குத் தனியாகப் போனேன்! ஈரத் தரை, தள்ளுமுள்ளு. மீன்கடை மைமூன் அக்கா, "என்னா அமலா, யார் கையப் புடிச்சிட்டு வந்தே?" என்றார். "யாரும் இல்லக்கா, நானே வந்துட்டேன் லா" என்றேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

ஆனால் அந்த இடது காது இப்போது அடியோடு கேட்கவில்லை. ஆபரேஷனில் அப்படி ஆகலாம் என்று டாக்டர் முன்பே எச்சரித்ததுதான். "எனக்காகப் பண்ணிக்க, அமலா" என்று நீங்கள் கெஞ்சாவிட்டால் துணிந்திருக்க மாட்டேன். ஜூனில் லீவு உண்டுதானே?

உங்கள்
அமலா

பூசான்
தென்கொரியா
24 மார்ச் 2025

அமலா,

உன் கடிதம் பார்த்து நிம்மதி. ஜூனில் நான் வரவில்லை. இங்கேயே நிரந்தரமாகத் தங்கப்போகிறேன், தனியாக.

நீ காய்ச்சலில் படுத்த வாரம்தான், பிரிந்துவிடலாம் என்று உன்னிடம் சொல்ல இருந்தேன். நிற்க முடியாதவளை எப்படி விட்டுப் போவது? இருந்தேன். குளிக்க, படியிறங்க, எல்லாவற்றுக்கும் கூட நின்றேன். அதில் குறை வைக்கவில்லை. இப்போது நீ நடக்கிறாய். என்னை விட்டுவிடு. வீடு உனக்கே.

சுரேந்தர்

புக்கிட் பாத்தோக்
6 ஏப்ரல் 2025

திரு. சுரேந்தருக்கு,

குறை வைக்கவில்லை, உண்மைதான். நர்ஸ்கூட அப்படிப் பார்த்துக்கொள்ள மாட்டாள். நர்ஸ் என்று தெரிந்திருந்தால் நானும் அந்த அளவோடு இருந்திருப்பேன். குளியலறையில் உங்கள் தோளைப் பிடித்தபடி, இந்த மனிதருக்கு என்மேல் எவ்வளவு ஆசை என்று நினைத்தேனே, அதை நினைத்தால்தான் உடம்பெல்லாம் கூசுகிறது.

சுவரைப் பிடித்துக்கொண்டே காலம் தள்ளியிருப்பேன். உங்கள் விடுதலைக்கு என் காதைக் கொடுத்திருக்கிறேன். ஆபரேஷன் அறைக்கு வெளியே கைகூப்பி நின்றீர்களே, யாருக்காக வேண்டிக்கொண்டீர்கள் என்று இப்போது புரிகிறது.

உங்கள் சாமான்களை எடுத்துப்போக உங்கள் தம்பி வெங்கட்டைச் சனிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன். அன்று நான் வீட்டில் இருக்க மாட்டேன். ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரைக்குப் போகிறேன். மணலில் கால் வைத்தால் இன்னும் தள்ளாடுகிறது. விழுந்தால் எழுந்துகொள்வேன்.

பதில் வேண்டாம்.

அமலா