பெண்கள் வார்டில் துணை

அன்புள்ள உனக்கு,

"இந்த வயசுல பொம்பளையா மாறி என்ன பண்ணப் போறீங்க?" என்று கேட்டுவிட்டு நம் மகன் வீட்டுக்குப் போனாய். இத்தனை வருடம் பாடம் நடத்தியும் அதற்கு விடை சொல்லத் தெரியவில்லை. மூக்குக் கண்ணாடி போட்டதும் போர்டு தெரிகிறதென்று முதல் பெஞ்சிலிருந்து கடைசி பெஞ்சுக்கு ஓடும் பிள்ளையின் நிம்மதி மட்டும் எனக்குள் இருக்கிறது.

அரசு மருத்துவமனையில் பெண்ணாக மாறும் அறுவைச் சிகிச்சைக்குத் தேதி கொடுத்துவிட்டார்கள். துணைக்கு ஆள் இல்லாமல் சேர்க்க மாட்டார்களாம்.

"உங்களுக்குப் பெண்கள் வார்டு. கூட யாரு இருப்பாங்க?" என்றார் நர்ஸ்.

"என் மனைவி" என்றேன்.

பேனாவை நிறுத்திக் கொஞ்சம் யோசித்தார். "லேடீஸ்தானே, தாராளமா இருக்கலாம்மா."

ஆண்கள் வார்டென்றால் பெண் துணை கூடாதென்று உன்னை வாசலோடு அனுப்பியிருப்பார்கள். இதற்குச் சிரிப்பதா அழுவதா, புரியவில்லை.

நர்ஸின் எண் இந்தக் கடிதத்தின் பின்பக்கம் இருக்கிறது. போன் போட்டு, "நான் கூட இருக்கேன்" என்று ஒரு தடவை சொல்லிப் பார்.

உன் டீச்சர்