கலசம் ஏறிய நாள்

அன்புள்ள மெஹ்ருனுக்கு, ஆக்ராவில் இறைவன் அருளால் நான் நலம். உன் நலமும் மகள் நலமும் எழுது. அம்மாவின் மூட்டுவலி குறைந்ததா?

ஷாஜகான் பாதுஷா தம் பேகத்துக்குக் கட்டும் வெள்ளைக் கல்லறையின் உச்சிக்கு நேற்றுப் பொன் கலசம் ஏறியது. பாதி வழியில் வடம் சாரத்தில் சிக்கிக்கொண்டது. இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு நான் ஏறினேன்.

“முல்தான்காரா, நீ விழுந்தா உன் பொண்டாட்டிக்கு யாருடா பதில் சொல்றது?” என்றார் மேஸ்திரி தாவூத்.

“நீங்கதான் உஸ்தாத். அதனால கயித்தை விட்றாதீங்க.”

அவர் விடவில்லை. சிக்கலை எடுத்தேன், கலசம் ஏறி நிமிர்ந்து நின்றது. கீழே எழுந்த ஆரவாரம் யமுனையின் அக்கரைக்கும் கேட்டதாம். என் உள்ளங்கைத் தோல் சற்று உரிந்தது, அவ்வளவுதான்.

மகளின் பாத அளவுக்கு ஒரு நூல் வெட்டி அனுப்பு. இங்கே நல்ல செருப்பு கிடைக்கிறது. இப்போது நடக்கிறாளா? ஒட்டகக்காரர் அவசரப்படுத்துகிறார். பாதுஷாவின் கலசத்தை நிறுத்தியது அவள் வாப்பா என்று தினமும் அவளிடம் சொல்.

உன் இல்யாஸ்