அம்மாவுக்கு ஒரு கேசட்

குவைத், 2002

அன்புள்ள அக்கா பவளக்கொடிக்கு,

வட்டகொடையில் நீயும் அத்தானும் பிள்ளைகளும் சுகமா? நான் இங்கே ராஜா மாதிரி இருக்கிறேன். என்னைக் கேட்காமல் முதலாளி கார்க் கதவைக்கூடத் திறக்க மாட்டார்.

அவரிடம் ஒரு போன் இருக்கிறது. மன்னரிடமும் இவரிடமும்தான் உண்டாம், பிள்ளைகளிடம் சொல். எப்போதும் தூங்கும்; உள்ளே ஒரு சின்னக் காது மட்டும் ஒரேயொரு சொல்லுக்காக முழித்திருக்கும். மற்றதெல்லாம் தூங்குவதால் பெட்டரி இறங்காது. அந்தச் சொல்லை முதலாளி சொன்னதும் எழும்பிவிடும். உங்களோடு பேச நானும் சொல்லிப் பார்த்தேன், அசையவில்லை. கூட வேலை செய்யும் ஹட்டன்காரன் றுமைஸ் சிரித்தான்: "தொண்ட கிழியக் கத்தினாலும் எழும்பாது மச்சான். அது மொதலாளிட குரலுக்குப் பழக்கினது."

அம்மா கண் திறக்கவில்லை, டாக்டரும் கைவிட்டார் என்று எழுதியிருந்தாய். லீவு தரமாட்டார்கள் அக்கா. பாஸ்போட் முதலாளியிடம். அம்மாவுக்குள்ளும் அப்படியொரு காது முழித்திருக்கும். அது என் குரலுக்குப் பழகினது. அதனால் கேசட்டில் பேசி அனுப்புகிறேன். ரேடியோவுக்குப் புதுப் பெட்டரி போட்டு, காதருகே வை.

முதலாளி வெளியே ஹோர்ன் அடிக்கிறார், கேட்டைத் திறக்க ஓட வேண்டும். கேசட் வருமுன் அம்மா போய்விட்டால் அதைப் போடாதே. அதில், "வாசல்ல நிக்கிறேம்மா, கதவத் தொறங்க" என்று சொல்லியிருக்கிறேன்.

உன் தம்பி,
லெட்சுமணன்