சினியோராவின் படத்துக்கு நான் போட்ட மாலை

1996 மாசி 9, வெள்ளி

எழுதப் பழகியபின் நான் எழுதும் முதல் வெட்கம் இது.

நான் வேலை செய்யும் இத்தாலிய வீட்டின் சினியோரா, வீட்டுக்கார அம்மா, நீர்வர்ணத்தில் ஒரு படம் வரைந்து மாட்டியிருந்தார். கடலுக்கடியில் கண் மூடிய ஒரு பெண். மூழ்கிப்போன அவருடைய மகளாக்கும் என்று பரிதாபப்பட்டு, இந்த ஊர்ப் பல்லரோச் சந்தையில் பூ வாங்கி மாலை கட்டிப் போட்டேன்.

சினியோரா மகிழ்ந்துபோனார். படத்தில் இருப்பது அவரேதானாம். கணவர் இறந்தபின் குளிர்காலக் கடலில் முக்குளித்து மேலே வந்தபோதுதான், இனி வாழலாம் என்று நம்பிக்கை வந்ததாம்.

நேற்றிரவு வீட்டுக்கு வந்து இதைச் சொன்னதும் என் மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். "செத்தவையின்ரை படத்துக்குப் போடுறதையெல்லே அப்பா போட்டிருக்கிறியள்! நாளைக்கே சொல்லிக் கழட்டுங்கோ."

"அவ்வளவு சந்தோசமா நிக்கிற மனிசியிட்டை எப்பிடிப் பிள்ளை சொல்லுறது?"

பூ வாடியதும் பேசாமல் எடுத்துவிடலாம் என்றிருந்தேன். வாடினால் புதிது கட்டித் தரும்படி சினியோரா இன்றைக்கே சொல்லிவிட்டார்.