பேனா இரவல் வாங்கிய சாட்சி

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா?

குற்றவியல் அறிமுக வகுப்பில் ஒரு கூத்து. ஆசிரியர் ஏற்பாடு செய்த ஆள் ஒருவன் திடீரென்று ஓடிவந்து அவர் பையைப் பறித்துக்கொண்டு ஓடினான். அவன் எப்படி இருந்தான் என்று எங்களைக் கேட்டார். தினமும் என்னிடம் பேனா இரவல் வாங்கும் பக்கத்து இருக்கைக்காரன் என்னைக் காட்டி, "அச்சு அசல் இவன மாதிரிதான் சார்" என்றான். பாதி வகுப்பு தலையாட்டியது. வந்தவன் என்னைவிட ஒரு முழம் உயரம். "பாத்தீங்களா, சாட்சி இப்படித்தான் தப்பாகும்" என்று ஆசிரியர் சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மறுநாளும் வெட்கமில்லாமல் பேனா கேட்டான். கொடுத்துத் தொலைத்தேன்.

அம்மாவிடம் சொல்ல வேண்டாம். மணி அடிக்கிறது. பார்சலில் பேனா கூடுதலாக வையுங்கள்; இங்கே என்னோடு பேசுகிறவன் அவன் ஒருவன்தான்.

உங்கள் சின்னவன்